பழைய வெள்ளி அடைப்பை எடுப்பதா, விடுவதா?

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 47 வயது. கடைவாயில் நான்கு பற்களில் வெள்ளி அடைப்பு இருக்கிறது. பாதரசம் கலந்தது, அமால்கம் என்கிறார்களே, அதுதான். கல்லூரியில் படிக்கும்போது, 90-களின் நடுவில் போட்டது. அந்தக் காலத்தில் கடலூரில் பல் அடைக்கப் போனால் இதைத்தான் போடுவார்கள். வெள்ளையா கறுப்பா என்று யாரும் கேட்டதில்லை. இத்தனை வருடமாக நான்கும் வாயைத் திறக்காமல் கிடந்தன.

வினை பாடலீஸ்வரர் கோயில் தேருக்குப் போனபோது வாங்கின கமர்கட்டில் வந்தது. கடக்கென்று ஒரு சத்தம். கமர்கட்தான் உடைந்தது என்று நினைத்துச் சப்பி விழுங்கிவிட்டேன். அப்புறம் நாக்கால் தடவிப் பார்த்தால் கீழ் வலப்பக்கப் பல்லில் ஓர் ஓரம் இல்லை. அடைப்பிலிருந்து சிறு துண்டு போயிருக்கிறது. நாலு பல்லில் அதுதான் பெரிய அடைப்பு. பல்லில் பாதிக்கு மேல் அடைப்புதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்தப் பக்கம் மெல்லும்போது, கடிக்கையில் ஒன்றும் இல்லை, கடியை விடும்போது சுருக்கென்று ஒரு குத்தல்.

இதை என் நாத்தனாரிடம் வாய் தவறிச் சொன்னேன். அவர் லாஸ்பேட்டையில் இருக்கிறார். அன்று இரவே ஆறேழு வீடியோ வந்து விழுந்தன. பல்லைச் சுற்றிப் புகை மாதிரி எழும்புகிறதைக் காட்டும் வீடியோ ஒன்று, பாதரசத்தால் மறதி வருகிறது என்று ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு பேசும் வீடியோ ஒன்று. மறுவாரம் அவரே கூட்டிக்கொண்டு போய் புதுச்சேரியில் ஒரு பல் மருத்துவமனையில் உட்கார வைத்துவிட்டார். அங்கே வாயைப் பார்த்தது இரண்டு நிமிடம் இருக்கும். எக்ஸ்ரே எடுக்கவில்லை. நான்கையும் எடுத்துவிட வேண்டும், ஒரு பல்லுக்கு 6,000, அப்புறம் உடம்பில் சேர்ந்திருக்கும் பாதரசத்தை வெளியேற்ற டீடாக்ஸ் என்று ஒரு பாக்கேஜ், அது 18,000. மொத்தம் 42,000 ரூபாய் என்று அழகாக அச்சடித்த தாளில் எழுதிக் கொடுத்தார்கள். டீடாக்ஸ் என்றால் என்ன என்று கேட்டேன். மாத்திரையும் டிரிப்பும் என்றார்கள். என்ன மாத்திரை என்று கேட்டதற்கு, "அது டாக்டர் சொல்வார்." நான் அதுவரை டாக்டரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அங்கேயே ரத்தமும் எடுத்தார்கள். பாதரசம் லிட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்று வந்தது. பக்கத்தில் 5-க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. என் எண்ணைத் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது, பொய் சொல்வானேன்.

எனக்கு உடம்பில் சில சில்லறைத் தொந்தரவுகள் உண்டு. இரவில் இரண்டு கை விரல்களும் மரத்துப் போகின்றன. மதியத்துக்கு மேல் அசதி. வைத்த சாவியைத் தேடுவது. ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், நாள் முழுக்கக் கீபோர்டுதான். இதெல்லாம் பல்லிலிருந்து வருகிறதா, வயதிலிருந்து வருகிறதா, ஜிஎஸ்டியிலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை.

என் கணவர் கட்சி வேறு. "முப்பது வருஷமாக ஒன்றும் ஆகாதவளுக்கு இனிமேல்தான் ஆகப் போகிறதா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, துறைமுகத்தில் மீன் வாங்கப் போய்விட்டார். இரண்டு பேர் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

நான் கேட்பது: விழுங்கின துண்டால் ஏதாவது ஆகுமா? உடைந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா, நான்கையும் எடுக்க வேண்டுமா? எடுக்கும்போதுதான் பாதரசம் அதிகமாக வெளியே வரும் என்கிறார்களே, அது நிஜமா? கடைசியாக, என் மகளுக்கும் எட்டாம் வகுப்பில் ஒரு பல்லில் இதே அடைப்பு போட்டிருக்கிறது. தை மாதம் அவளுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று நாத்தனார் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "டாக்டரைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள், பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

⁂

ரவுண்டானா எழுதியது:

யோசிக்கவே யோசிக்காதீர்கள் மேடம், நான்கையும் எடுத்துவிடுங்கள். ஐரோப்பாவே தடை செய்துவிட்டது. அமால்கத்தில் பாதிக்குப் பாதி பாதரசம், நீங்களே தேடிப் பாருங்கள். கொடைக்கானலில் பாதரச தெர்மாமீட்டர் ஆலையை 2001-இல் ஏன் மூடினார்கள்? அங்கே மண்ணில் கிடந்தாலே ஆபத்து என்றால் நம் வாய்க்குள் இருப்பது? 42,000 போனால் சம்பாதிக்கலாம்.

⁂

கடைவாய் (பண்ருட்டி) எழுதியது:

நான் பல் மருத்துவன். சிதம்பரம் அண்ணாமலை நகரில் படித்தவன். வாயைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சில விஷயங்களைத் தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் ரவுண்டானா சாருக்கு. எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம் என்பது சரி. மீதி வெள்ளி, தகரம், செம்பு. ஆனால் கலந்து இறுகியபின் அது தெர்மாமீட்டரில் ஓடும் திரவப் பாதரசம் இல்லை. வெள்ளியோடும் தகரத்தோடும் சேர்ந்து கெட்டியான உலோகக் கலவையாகிவிடுகிறது. அதிலிருந்து ஆவி கொஞ்சம் கசியும், அதை மறுக்கவில்லை. மெல்லும்போதும், சூடாகக் குடிக்கும்போதும், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும் கூடுதலாகக் கசியும். அளவு நாளுக்குச் சில மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல் புதிதாக அமால்கம் போடுவதை நிறுத்தியதும் உண்மை. மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. நார்வே 2008-இலேயே நிறுத்திவிட்டது, ஸ்வீடன் 2009-இல். ஆனால் அந்தத் தடைக்கு முதல் காரணம் சுற்றுச்சூழல். பல் மருத்துவமனைச் சாக்கடை வழியாகவும் பிணம் எரிக்கும் புகை வழியாகவும் பாதரசம் ஆற்றுக்கும் காற்றுக்கும் போகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் உருவான சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையில் நம் நாடும் 2018-இல் சேர்ந்துவிட்டது. அதன்படி 2034-க்குள் உலகம் முழுக்க அமால்கம் நிற்கப் போகிறது. இதில் எந்த இடத்திலும் "ஏற்கெனவே வாயில் இருப்பதைத் தோண்டி எடு" என்று சொல்லவில்லை.

தோண்டாதே என்றுதான் சொல்கிறார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 செப்டம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்க இருப்பவர்கள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள் (அதிலும் ஆறு வயதுக்குக் கீழே), சிறுநீரகம் பழுதானவர்கள், பார்க்கின்சன் மாதிரி நரம்பு நோய் உள்ளவர்கள், பாதரச ஒவ்வாமை உள்ளவர்கள், இவர்களுக்குப் புதிதாக அமால்கம் போடுவதைத் தவிருங்கள் என்றது. அதே அறிவிப்பில், நன்றாக இருக்கும் பழைய அடைப்பை மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்காதீர்கள் என்றும் இருக்கிறது. நீங்கள் கேட்டதுதான் காரணம்: டிரில் வைத்து அறுக்கும்போது சும்மா இருந்ததைவிட அதிக ஆவி வரும். அதோடு நல்ல பல்லும் போகும். சுவரில் பழைய ஆணியைப் பிடுங்கினால் காரையும் சேர்ந்து பெயர்ந்து வருகிறதில்லையா, அதேதான். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் குழி கொஞ்சம் பெரிதாகும். அடைப்பில் நின்றது அடுத்த முறை கேப்பில் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) நிற்கும், அதற்கடுத்து ரூட் கெனாலில்.

பல் நிறத்தில் இருக்கும் பிசின் அடைப்பு, அதாவது வெள்ளை அடைப்பு, அழகுதான், நானும் தினமும் அதைத்தான் போடுகிறேன். ஆனால் கடைவாயில் அமால்கம் அளவுக்கு உழைக்காது. இரண்டையும் ஒப்பிட்ட சோதனைகளைத் திரட்டிய காக்ரேன் ஆய்வில் கடைவாயில் போட்ட வெள்ளை அடைப்பு பழுதாகும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று வந்தது. உங்கள் நான்கும் முப்பது வருடம் நின்றிருக்கின்றன. எடுத்துவிட்டு நான் போடுவது அவ்வளவு நாள் நிற்கும் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது.

விழுங்கின துண்டைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். அடைப்பில் இருக்கும் பாதரசம் உடம்பில் ஏறுவது முக்கியமாக மூச்சு வழியாக. ஆவியாக உள்ளே போனால் 80 சதவீதம் நின்றுவிடும். வயிற்றுக்குள் போன உலோகத் துண்டு ஏறக்குறைய அப்படியே வெளியே போய்விடும். இந்நேரம் போயிருக்கும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரி. கடிக்கும்போது இல்லாமல் கடியை விடும்போது குத்தல். அது பல்லில் விரிசல் விழுந்ததன் அடையாளமாக இருக்கலாம். பெரிய அமால்கம் உள்ள பழைய பல்லில் மீந்து நிற்கும் சுவர் மெலிந்து, ஒருநாள் கடினமானதைக் கடித்ததும் விரியும். இதைத் தள்ளிப் போடாதீர்கள். விரிசல் வேர் வரை இறங்கினால் பல்லைக் காப்பாற்ற முடியாது. அந்தப் பல்லுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து, கடிக்க வைத்துச் சோதித்து, அடைப்பை மாற்றி, தேவைப்பட்டால் கேப் போட வேண்டும். மற்ற மூன்றையும் கடிபல் எக்ஸ்ரேயில் (ஃபிலிமைக் கடித்துக்கொண்டு எடுப்பது) பார்த்தால் அடியில் சொத்தை ஓடுகிறதா, ஓரம் திறந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். கறுத்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அமால்கம் கறுக்கத்தான் செய்யும். எக்ஸ்ரே எடுக்காமல் நான்கையும் எடுக்கச் சொன்ன இடத்தைப் பற்றி நான் வேறு ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

கை மரத்துப் போவதற்கும் அசதிக்கும் ஒரு பொது மருத்துவரிடம் சர்க்கரை, தைராய்டு, பி12, ரத்தசோகை பாருங்கள். இரவில் விரல் மரப்பதும் நாள் முழுக்கக் கீபோர்டும் என்றால், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்றும் கேளுங்கள். பல்லிலிருந்து தேட ஆரம்பித்தால் பல்லிலேயே நின்றுவிடும்.

⁂

முதலியார்பேட்டை அம்மா எழுதியது:

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. புதுச்சேரியில் ஒரு பல் டாக்டரிடம் 80-களிலும் 90-களிலும் உதவியாளராக வேலை பார்த்தவள். இப்போது பேரன் போட்டுக் கொடுத்த தமிழ் கீபோர்டில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் வாயில் இருப்பதை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன், கேள். சின்னதாக ஒரு கண்ணாடி உரல் இருக்கும், அதற்குக் கண்ணாடிக் குழவி. வெள்ளித் தூளைப் போட்டு, பாட்டிலிலிருந்து பாதரசத்தைச் சொட்டாக விட்டு, அரைக்க வேண்டும். முதலில் தூள் தனியாகவும் ரசம் தனியாகவும் வழுக்கிக்கொண்டு ஓடும். அரைக்க அரைக்க வெண்ணெய் மாதிரி திரளும். திரண்டதைத் துணியில் வைத்து முறுக்கிப் பிழிந்தால் மிச்சமான ரசம் துணியின் மேல் பொடி முத்தாகப் பூத்து வரும். அதைத் தட்டி ஒரு குப்பியில் சேர்ப்போம். கையுறை எல்லாம் கிடையாது. உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கூட டாக்டரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் குழியில் வைத்து அமுக்குவார், கீச் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் சரியாக அரைத்திருக்கிறாய் என்பார்.

ஒரு தடவை கல்யாண மோதிரத்தைக் கழற்ற மறந்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் மோதிரத்தின் ஒரு பக்கம் வெள்ளி மோதிரமாக வெளுத்துக் கிடக்கிறது. தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும் அது. வீட்டில் பெரிய ரகளை. ஆசாரி காய்ச்சிச் சரிசெய்து கொடுத்தார். பாவம், அந்தப் புகையை அவர்தான் முகர்ந்திருப்பார்.

பின்னால் காப்ஸ்யூல் வந்தது. மிஷினில் மாட்டினால் சில நொடி கடகடவென்று ஆடும், உடைத்துப் போட வேண்டியதுதான். மிச்சம் மீதியைப் பழைய எக்ஸ்ரே ஃபிக்ஸர் தண்ணீர் ஊற்றின ஜாடியில் போட்டு மூடி வைப்போம், ஆவி எழாமல் இருக்க. முன்னே எல்லாம் அதுகூட இல்லை, குப்பைத்தொட்டிதான்.

பயப்பட வேண்டியவர்கள் என்றால் நாங்கள்தான் முதலில் பயப்பட்டிருக்க வேண்டும். என் வாயிலும் இரண்டு இருக்கிறது, அந்த டாக்டர் போட்டதே. அவை இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் உடைந்ததை விட்டு வைக்காதே. எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டச் சொல், பல் மட்டும் வெளியே தெரியும். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே அறுக்க வேண்டும், பக்கத்திலேயே பெரிய சக்ஷன் பிடித்திருக்க வேண்டும். முழுக்கப் பொடியாக அரைக்காமல், குறுக்கே வெட்டிவிட்டுத் துண்டு துண்டாகப் பெயர்த்து எடுக்கிற டாக்டராகப் பார். சக்ஷன் பிடிக்கிற பெண்ணுக்கு மாஸ்க் இருக்கிறதா என்றும் பார்த்துவிடு, எனக்காக.

⁂

குப்பி எழுதியது:

லேப் டெக்னீசியன் நான், ஊர் புதுச்சேரி. அக்காவின் 8 என்ற எண்ணைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் மற்றவர்கள் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டார்கள்.

உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. அண்ணன் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போயிருக்கிறார் இல்லையா? ரத்தத்தில் காட்டும் பாதரசத்தில் பெரும்பங்கு மீனிலிருந்து வருவது. அது மீத்தைல் பாதரசம், அடைப்பிலிருந்து கசிவது வேறு வகை. ரத்தப் பரிசோதனை இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும். கடலோரத்தில் மீன் இல்லாமல் சோறு இறங்காத யாரை உட்கார வைத்து ரத்தம் எடுத்தாலும், சைவர்களைவிடக் கூடத்தான் வரும். பல்லே இல்லாத பாட்டிக்கும் வரும்.

பல் அடைப்பிலிருந்து எவ்வளவு ஏறுகிறது என்று தெரிய வேண்டுமானால் சிறுநீரில் பார்க்க வேண்டும், சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினோடு சேர்த்து. அமால்கம் உள்ள பெரும்பாலானவர்களுக்கு அது லிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொடாது. ஓர் எச்சரிக்கை: சில இடங்களில் முதலில் ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் சிறுநீரைப் பிடித்து அளந்து காட்டுவார்கள். அந்த மருந்து உடம்பில் இருக்கும் உலோகத்தை இழுத்து வெளியே தள்ளுவது. யார் குடித்தாலும் எண் எகிறும். மருந்தில்லாமல் எடுத்த சிறுநீருக்கான எல்லையை அதன் பக்கத்தில் போட்டு "பாருங்கள், விஷம்" என்பார்கள். 18,000 ரூபாய் டிரிப்பும் அந்த வகை மருந்தாக இருந்தால், நிஜமான பாதரச நஞ்சு உள்ளவருக்கு ஆஸ்பத்திரியில் கண்காணிப்போடு கொடுக்க வேண்டியது அது. சிறுநீரகத்தைப் பார்க்காமல் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

மீனை நிறுத்தச் சொல்லவில்லை, சொன்னால் எங்கள் வீட்டிலேயே எனக்குச் சோறு கிடைக்காது. நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி சிறு மீன்களில் பாதரசம் குறைவு. மற்ற மீனைத் தின்று கொழுத்த பெரிய மீன்களில்தான் சேர்ந்துகொண்டே போகும்: சுறா, மயில் மீன், பெரிய சூரை, பெரிய வஞ்சிரம். வேடிக்கை என்னவென்றால், பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று நாம் சுறாப்புட்டு செய்து கொடுக்கிறோம். பால் சுறா சிறியதுதான், பெரிய சுறா அளவுக்கு மோசமில்லை. ஆனால் அமெரிக்காவில் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் சாப்பிடவே வேண்டாம் என்று போட்டிருக்கும் மீன் பட்டியலில் சுறாவும் இருக்கிறது. நாத்தனாரிடம் இதையும் சொல்லுங்கள், அடுத்த வீடியோ வராது.

⁂

பாகூர் ஏரி எழுதியது:

எல்லோரும் எடுக்காதே என்கிறீர்கள். எடுத்து நல்லது நடந்த ஆளும் ஒருவன் இருக்கட்டும்.

எனக்கு இடது கன்னத்தின் உள்பக்கம், சரியாகக் கடைவாய் அடைப்பு உரசும் இடத்தில், வெள்ளையாக ஒரு படலம் வந்தது. வலை பின்னின மாதிரி கோடு கோடாக. காரம் பட்டால் எரியும். ஊறுகாயைத் தொட முடியாது, வத்தக்குழம்பு கிட்டவே போக முடியாது. நான் புகையிலை போட்டதில்லை, இருந்தாலும் புற்றாக இருக்குமோ என்று தூக்கம் போனது. கோரிமேட்டில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்று இல்லை, லைக்கனாய்டு என்றார்கள். அமால்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் சிலருக்கு இப்படி ஒவ்வாமை வருமாம். அந்த ஓர் அடைப்பை மட்டும் எடுத்து வெள்ளை போட்டார்கள். சில மாதத்தில் படலம் மங்கி, எரிச்சல் போய்விட்டது. வலப்பக்கம் இன்னொரு அமால்கம் இருக்கிறது. அது கன்னத்தில் உரசவில்லை, அதற்குப் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. அதைத் தொட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

அதனால் மேடம், கன்னத்தையும் நாக்கின் ஓரத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் கதை வேறு.

⁂

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் போட முடியவில்லை. கம்பெனியில் ஆடிட் நேரம்.

டார்ச் அடித்துப் பார்த்தேன், கன்னத்தில் ஒன்றும் இல்லை. உடைந்த பல்லுக்கு வேறு டாக்டரிடம், இங்கே கடலூரிலேயே, போனேன். கடைவாய் சார் சொன்ன மாதிரியே ஒரு பிளாஸ்டிக் துண்டை ஒவ்வொரு முனையிலும் வைத்துக் கடி, விடு, கடி, விடு என்று சோதித்தார். நாக்குப் பக்கத்து முனையில் வைத்து விட்டபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். விரிசல்தான். நல்லவேளை வேர் வரை போகவில்லை என்றார். எக்ஸ்ரேயில் அடைப்புக்கு அடியில் சொத்தையும் ஓடியிருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிட்டு இப்போது வெள்ளையில் கட்டியிருக்கிறார், கேப்புக்கு அளவு எடுத்திருக்கிறது. மற்ற மூன்றில் ஒன்றின் ஓரம் கொஞ்சம் சொரசொரப்பு. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் போதும் என்றார். இரண்டு கச்சிதமாக இருக்கின்றன.

முதலியார்பேட்டை அம்மாவுக்கு: ரப்பர் விரிப்பு மாட்டினார்கள், அது ஒரு கண்றாவி, மூக்கு வரை மூடிக்கொண்டு எச்சில் விழுங்கவே பயம். தண்ணீர், சக்ஷன் இரண்டும் சரியாக இருந்தன. பெயர்த்து எடுத்த துண்டுகளைக் காட்டச் சொன்னேன். டிரேயில் கிடந்தன, மேலே கறுப்பு, வெட்டின முகத்தில் புது வெள்ளி. சக்ஷன் பிடித்த பெண் மாஸ்க் போட்டிருந்தாள். நீங்கள் சொன்னதாகவே சொன்னேன், சிரித்தாள்.

குப்பி தம்பிக்கு: சிறுநீர் பரிசோதனை இன்னும் கொடுக்கவில்லை. டாக்டர் பல் வேலை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொடுக்கச் சொன்னார். எடுத்தவுடன் கொடுத்தால் சற்றுக் கூடக் காட்டும், உடம்பில் இருப்பது பாதியாகக் குறையவே இரண்டு மாதம் ஆகும் என்றார். 42,000 தாளை என் கணவர் மீன் முள் போட உபயோகித்துவிட்டார். சுறா விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் போன ஞாயிறு நெத்திலி வந்தது.

பி12 பார்த்தேன். குறைவுதான், ஆனால் கை மரப்பது அதனாலா மணிக்கட்டாலா என்று டாக்டருக்கே இன்னும் தெளிவில்லை. ஊசி ஆரம்பித்திருக்கிறது, இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிக்கொண்டு படுக்கிறேன்.

நாத்தனார் சமாதானமாகவில்லை. "டாக்டர்கள் எல்லாம் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார். என்னை எடுக்கச் சொன்னவரும் டாக்டர்தானே என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. என்னைப் பற்றி அவர் இனிமேல் கேட்க மாட்டார், ஆனால் மகள் விஷயத்தை விட மாட்டார். கடைவாய் சார், அவளுக்கு என்ன செய்வது? 24 வயது. ஒரே ஒரு சின்ன அடைப்பு. வலி, கூச்சம் ஏதும் இல்லை.

⁂

கடைவாய் எழுதியது:

விரிசல் வேருக்குப் போகும் முன் பிடித்தது பெரிய விஷயம். கேப் வரும் வரை அந்தப் பக்கம் கமர்கட் வேண்டாம், பலாக்கொட்டையும் வேண்டாம். பண்ருட்டிக்காரன் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மகளுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒரு முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள், எக்ஸ்ரேயோடு. அடைப்பு உறுதியாக இருந்தால் கை வைக்காதீர்கள். அது பழுதாகி இருந்தாலோ, வேறு பல்லில் புதுச் சொத்தை இருந்தாலோ, குழந்தைக்கு முயற்சி செய்வதற்குச் சில மாதம் முன்னதாகவே முடித்துவிடுங்கள், புதிதாகப் போடுவது வெள்ளையாக இருக்கட்டும். மினமாட்டா உடன்படிக்கையில் உள்ள நாடுகள் 2022-இலேயே 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அமால்கம் போடுவதை, மருத்துவர் அவசியம் என்று கருதினால் தவிர, விலக்க முடிவு செய்துவிட்டன. ஆகவே இதில் யாரும் தகராறு செய்ய மாட்டார்கள். கர்ப்பமாக இருக்கும்போது அமால்கத்தை எடுப்பதை மட்டும், அவசரம் இல்லாவிட்டால், தள்ளிப் போட வேண்டும். அந்த நேரத்தில் ஈறு வீங்கி ரத்தம் வந்தால் சுத்தம் செய்துகொள்ளத் தயங்க வேண்டாம், அது வேறு விஷயம்.

சிறு வயதில் அமால்கம் போட்டது அவளுக்கு ஏதாவது செய்திருக்குமோ என்ற பயம் உங்களுக்கு உள்ளூர இருக்கலாம். இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் 534 குழந்தைகளை ஐந்து வருடமும், லிஸ்பனில் 507 குழந்தைகளை ஏழு வருடமும் தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்கு அமால்கம், பாதிப் பேருக்கு வெள்ளை. முடிவுகள் 2006-இல் வந்தன. அமால்கம் போட்டவர்களின் சிறுநீரில் பாதரசம் சற்றுக் கூடுதலாக இருந்தது. அறிவுத்திறன், ஞாபகம், நரம்பு இவற்றில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

நாத்தனாருக்கு இதை அனுப்பிப் பாருங்கள். வீடியோவாக இல்லாததால் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான்.